பைதானில் ஊடாடும் வரைபடம்: எந்த வழியைத் தேர்வது?

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், டிஎஸ்18பி20 என்ற சிறிய வெப்ப உணரி ஒன்றைக் கட்டிவைத்து, அதை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியுடன் இணைத்து, வினாடிக்கு ஒன்றாக அளவீடுகளைப் பதிவுசெய்து வருகிறேன். ஒரு நாளைக்கு 86,400 அளவீடுகள் சேர்கின்றன. முதல் நாள் கோப்பை மடிக்கணினிக்குக் கொண்டுவந்து, பைதான் மொழியில் நிரல் எழுத உதவும் ஸ்பைடர் என்ற செயலியில் திறந்து, மேட்பிளாட்லிப் என்ற வரைபட லைப்ரரியின் (ஆயத்த நிரல் தொகுப்பின்) வழக்கமான இரண்டு வரி நிரலால் வரைந்தபோது, ஸ்பைடரின் பிளாட்ஸ் பலகத்தில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் வளைகோடு ஒன்று தெரிந்தது. ஓரிடத்தில் மட்டும், ஊசி குத்தியதுபோல, ஒரு செங்குத்துக் கோடு மேலே போய்த் திரும்பியிருந்தது. அது ஒரே ஒரு தவறான அளவீடா, சில நிமிடங்கள் நீடித்த உண்மையான வெப்பமா என்று அறிய அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. படத்தைப் பெரிதாக்கினால் கோடு தடித்ததே தவிரப் பிரியவில்லை, ஏனெனில் அங்கே இருந்தது வரைபடம் அல்ல, வரைபடத்தின் புகைப்படம்.

கணக்கு எளியது. மேட்பிளாட்லிப்பின் இயல்பான படம் 6.4 அங்குல அகலமும் 4.8 அங்குல உயரமும் கொண்டது. அங்குலத்துக்கு 100 புள்ளி என்று வைத்தால் அகலம் 640 பிக்சல். அதில் அச்சுகளைச் சுற்றியுள்ள வெற்றிடமும், தரவின் இருபுறமும் விடப்படும் 5 சதவீத இடைவெளியும் போக, கோடு வரையக் கிடைப்பது சுமார் 450 பிக்சல். அதற்குள் 86,400 அளவீடுகளை அடைத்தால், ஒரு பிக்சலின் அகலத்துக்குள் ஏறத்தாழ 190 வினாடிகள் ஒளிந்துகொள்கின்றன. அந்த ஊசிக் கோடு ஒரு வினாடியாகவும் இருக்கலாம், மூன்று நிமிடமாகவும் இருக்கலாம். படத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. மவுஸால் பெரிதாக்கியும் நகர்த்தியும் பார்க்கக்கூடிய ஊடாடும் வரைபடம் என்பது அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டும் கணக்கு இதுதான்.

இந்த இடத்தில் வந்து நிற்பவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரைகள் பலவிதம். சாளரங்களை உருவாக்கும் கருவித்தொகுதியான க்யூடியை நிறுவிக்கொள் என்பார் ஒருவர்; உலாவியில் நிரலையும் படத்தையும் ஒரே நோட்புக்காக எழுத உதவும் ஜூப்பிட்டருக்கு மாறிவிடு என்பார் இன்னொருவர்; மேட்பிளாட்லிப்பையே விட்டுவிட்டு, உலாவியில் வரையும் லைப்ரரியான பிளாட்லிக்கு வா என்பார் மூன்றாமவர். மூன்றும் சரியான பதில்களே, ஆனால் வெவ்வேறு கேள்விகளுக்கு. எந்த ஐடிஇ (ஸ்பைடர் போன்ற நிரல் எழுதும் செயலி), எந்த லைப்ரரி என்பதெல்லாம் பிறகு எழ வேண்டிய கேள்விகள். மவுஸ் நகர்ந்தால் அதை யார் கேட்கிறார்கள் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டால், மற்றவை பெரும்பாலும் தாமாகவே தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

வரைபடம் ஊடாட வேண்டுமானால், மவுஸ் நகர்ந்தது, பொத்தான் அழுத்தப்பட்டது, சக்கரம் சுழன்றது என்ற செய்திகளை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்க ஒரு பகுதி வேண்டும். நிரலாளர்கள் அதை ஈவென்ட் லூப் என்பார்கள். அது மூன்று இடங்களில் ஒன்றில் இருக்க முடியும். பைதான் ஓடும் அதே கணினியில், பைதானே திறந்த தனிச் சாளரத்தில் இருக்கலாம். உலாவியில் மவுஸின் அசைவைப் பிடித்து, அதைப் பைதானுக்கு அனுப்பி, பைதான் திரும்ப வரைந்து கொடுக்கும் படத்தைக் காட்டும் இடைப்பட்ட ஏற்பாடாக இருக்கலாம். பைதானைக் கேட்காமலேயே, முழுக்க உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டாக இருக்கலாம். மேட்பிளாட்லிப்பின் க்யூடி சாளரமும், டிகே என்ற இன்னொரு கருவித்தொகுதியின் சாளரமும் முதல் வகை. மேட்பிளாட்லிப்பை ஜூப்பிட்டருக்குள் ஊடாடவைக்கும் ஐபைஎம்பிஎல் என்ற பொதி இரண்டாம் வகை. பிளாட்லியும் அதைப் போன்ற லைப்ரரியான போக்கேவும் அடிப்படையில் மூன்றாம் வகை.

மேட்பிளாட்லிப் என்றாலே அசையாத படம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அது நியாயமற்றது. ஜான் ஹண்டர் 2002-இல் அதைத் தொடங்கியபோது அது, பைதான் கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்து ஓட்டும் கருவியான ஐபைதானுக்கான ஒரு சிறு இணைப்பாகவே இருந்தது, கட்டளை வரியில் தட்டச்சு செய்துகொண்டே மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருளைப்போல வரைபடங்களோடு ஊடாட வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஐபைதானை உருவாக்கிய ஃபெர்னாண்டோ பெரெஸ் அப்போது தம் முனைவர் பட்ட வேலையில் மூழ்கியிருந்ததால், ஹண்டர் அதைத் தனி லைப்ரரியாகவே வளர்த்து 2003-இல் வெளியிட்டார். மூளையின் மின் அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த அவருக்கு, ஓடும் அலையில் ஓரிடத்தை நிறுத்திப் பெரிதாக்கிப் பார்ப்பது அன்றாடத் தேவை. ஆக, ஊடாடுவது அதன் பிறவிக் குணம். அசையாமை பின்னால் வந்த இன்லைன் என்ற பேக்கெண்டின், அதாவது படத்தை வரைந்து காட்டும் பகுதியின், குணம். ஸ்பைடரும் ஜூப்பிட்டரும் இயல்பாக அதையே பயன்படுத்துகின்றன. செல் எனப்படும் நிரல் துண்டு ஓடி முடிந்ததும் இன்லைன் படத்தைப் பிஎன்ஜி கோப்பாக மாற்றி ஒட்டிவிட்டு, மூலப் படத்தை நினைவகத்திலிருந்து மூடிவிடுகிறது. அடுத்த செல்லில் தலைப்புச் சேர்க்க முயன்று, வெற்றுச் சட்டம் ஒன்று புதிதாக முளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் இங்கே தமிழில் ஒலிபெயர்த்து எழுதுகிறேன். தட்டச்சு செய்யும்போது அவை ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும்.

தனிச் சாளரம்

சொந்தக் கணினியில் வேலை செய்பவருக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதையே. ஸ்பைடரில் டூல்ஸ் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் ஐபைதான் கன்சோல், அதில் கிராஃபிக்ஸ் என்ற பகுதிக்குப் போனால் பேக்கெண்ட் என்ற தேர்வு இருக்கும். அதை இன்லைனிலிருந்து க்யூடிக்கு மாற்றி, கெர்னலை (பின்னணியில் நிரலை ஓட்டும் பைதானை) ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுவது நல்லது. நிரந்தரமாக மாற்ற வேண்டாம், இந்த ஒரு தடவை போதும் என்றால் கன்சோலில் விழுக்காட்டுக் குறியுடன் %மேட்பிளாட்லிப் க்யூடி என்று அடித்தால் போதும். பழைய படத்துக்குத் திரும்ப %மேட்பிளாட்லிப் இன்லைன். இன்லைனிலிருந்து க்யூடிக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், ஆனால் ஒரே அமர்வில் க்யூடியிலிருந்து டிகேக்குத் தாவ முடியாது. ஏற்கெனவே ஒரு கருவித்தொகுதியின் ஈவென்ட் லூப் ஓடிக்கொண்டிருப்பதால், மாற்ற இயலாது, க்யூடியையே பயன்படுத்துகிறேன் என்று ஐபைதான் சொல்லிவிடும்.

சாளரம் திறந்ததும் கீழேயோ மேலேயோ ஒரு சிறு கருவிப்பட்டை தெரியும். பூதக்கண்ணாடியை அழுத்தி, அந்த ஊசிக் கோட்டைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்தேன். மறுபடி ஒரு செவ்வகம், மறுபடியும் ஒன்று. நான்காம் முறை கோடு பிரிந்து புள்ளிகளானது: 31.4, 31.4, 85.0, 31.4. ஒரே ஓர் அளவீடு, அதுவும் துல்லியமாக 85 டிகிரி. இந்த உணரியைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த எண் பழக்கமானது. மின்சாரம் வந்ததும் முதல் அளவீட்டை முடிப்பதற்குள் கேட்டால் டிஎஸ்18பி20 தரும் தொடக்க மதிப்பு அது. அதாவது, உணரிக்குப் போகும் மின்சாரம் ஒரு கணம் அறுந்து திரும்பியிருக்கிறது. அசையாத படத்தை வைத்துக்கொண்டு வெயிலைப் பற்றி நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

தனிச் சாளரத்தின் பெரிய பலம், மவுஸின் செய்தி நேரடியாகப் பைதானுக்கே போவது. பிஎல்டி.ஜிஇன்புட் என்ற செயற்கூறை அழைத்தால், வரைபடத்தில் சொடுக்கிய இடங்களின் மதிப்புகள் பட்டியலாக நிரலுக்குத் திரும்பி வரும். தவறான அளவீடுகளைக் கையால் குறித்து நீக்குவதற்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை. இது இன்லைனில் இயங்காது. நிரலை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் இயல்புடையது என்பதால் ஐபைஎம்பிஎல்லிலும் இயங்காது. இலட்சக்கணக்கான புள்ளிகள் கொண்ட கோட்டையும் க்யூடி சாளரம் பெரிய தயக்கமின்றி நகர்த்தும். க்யூடி சாளரத்தின் கருவிப்பட்டையில் மட்டும், அச்சின் எல்லைகளையும் கோட்டின் நிறத்தையும் பெயரையும் நிரலைத் தொடாமல் மாற்றும் பொத்தான் ஒன்று கூடுதலாக உண்டு. டிகேயில் அது இல்லை.

டிகேயின் நன்மை, பெரும்பாலும் அது ஏற்கெனவே கணினியில் இருப்பது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் பைதானின் அதிகாரப்பூர்வ நிறுவலோடு வந்துவிடும். உபுண்டுவிலும் டெபியனிலும் பைதான்3-டிகே என்ற பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். க்யூடிக்கோ அதைப் பைதானோடு இணைக்கும் பைக்யூடி அல்லது பைசைடு வேண்டும், அவை பல பத்து எம்பி எடை. நீங்கள் எழுதும் கருவியை விற்கும் எண்ணம் இருந்தால் பைக்யூடியின் உரிமம் மூல நிரலையும் பகிரக் கோரும் ஜிபிஎல், பைசைடின் உரிமம் அதைவிடத் தளர்வான எல்ஜிபிஎல் என்பதையும் கவனிக்க வேண்டும். வரைபடம் பார்க்க மட்டும் என்றால் இந்த வேறுபாடு யாரையும் பாதிக்காது.

தொல்லைகளும் இருக்கின்றன. லினக்ஸில் க்யூடி 6.5 பதிப்பு முதல் லிப்எக்ஸ்சிபி-கர்சர்0 என்ற சிறு பொதி இல்லாவிட்டால் சாளரமே திறக்காது. பிழைச் செய்தி எக்ஸ்சிபி பிளகினை ஏற்ற முடியவில்லை என்று சொல்லும், அதைப் பார்த்துவிட்டு க்யூடியை மூன்று முறை அழித்து மீண்டும் நிறுவியவர்கள் உண்டு. படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி லைப்ரரியை, பைதான் பொதிகளை நிறுவும் பிப் வழியாக நிறுவியிருந்தால், அது தன்னோடு கொண்டுவரும் க்யூடி, பைக்யூடியோடு மோதி இதே செய்தியைத் தரலாம். ஓப்பன்சிவியின், சாளர வசதி இல்லாத ஹெட்லெஸ் பதிப்பை நிறுவினால் தீரும். நீண்ட கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது சாளரம் உறைந்து, பதிலளிக்கவில்லை என்று தலைப்பில் காட்டுவது பழுது அல்ல: மவுஸைக் கேட்க வேண்டிய அதே பைதான் கணக்குப் போடுவதில் மூழ்கியிருக்கிறது. வளையத்துக்குள் பிஎல்டி.பாஸ்(0.01) என்ற ஒரு வரியைச் சேர்த்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரு கணம் தலைநிமிர்ந்து மவுஸைக் கேட்கும்.

எனக்கு அரை நாள் எடுத்துக்கொண்ட தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செயற்கூறு ஒன்றுக்குள் நழுவுபட்டை ஒன்றை உருவாக்கி வரைபடத்தின் கீழ் வைத்தேன். அது அழகாகத் தெரிந்தது, ஆனால் இழுத்தால் நகரவில்லை. பேக்கெண்டை மாற்றினேன், பதிப்பை மாற்றினேன், எதுவும் உதவவில்லை. செயற்கூறு முடிந்ததும் நழுவுபட்டையைச் சுட்டும் மாறி மறைந்துவிட, பைதான் அந்தப் பொருளையே குப்பை என்று துடைத்துவிட்டது; திரையில் எஞ்சியது அதன் வரைந்த வடிவம் மட்டுமே. அதைத் திருப்பியனுப்பி வெளியே ஒரு மாறியில் வைத்துக்கொண்டதும் சரியாகிவிட்டது. அசைவூட்டப் படங்களுக்கான ஃபங்க்அனிமேஷனுக்கும் இதே விதிதான். மேட்பிளாட்லிப்பின் ஆவணத்தில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

இன்னொரு ஐடிஇயான பைசார்மில் இதே வேலை வேறு பெயரில் நடக்கிறது. அறிவியல் கருவிகள் உள்ள பதிப்புகளில், பைசார்ம் தன் சொந்த பேக்கெண்டான பேக்கெண்ட்_இன்டர்ஆக் என்பதைச் சத்தமில்லாமல் நுழைத்து, மேட்பிளாட்லிப் படங்களைப் பக்கவாட்டுப் பலகத்தில் அசையாப் படங்களாகக் காட்டுகிறது. அமைப்புகளில் டூல்ஸ் என்பதன் கீழ், வரைபடங்களைக் கருவிச் சாளரத்தில் காட்டு என்ற பெட்டியின் குறியை நீக்கினால், டிகேயோ க்யூடியோ தன் சாளரத்தைத் திறக்கும். ஸ்பைடரின் ஏற்பாட்டையே நான் மேலானதாகக் கருதுகிறேன், ஏனெனில் பேக்கெண்ட் எது என்பதைப் பெயர் சொல்லி அங்கே தேர்வுசெய்ய முடிகிறது. பைசார்மில் ஒரு பெட்டியின் குறியை நீக்கிவிட்டு, என்ன நடக்கும் என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டியிருக்கிறது. விஎஸ் கோடு என்ற நிரல் எழுதும் செயலியில் நிரலை முனையத்தில் ஓடவிட்டால் சாளரம் இயல்பாகவே திறக்கும். இன்டராக்டிவ் விண்டோவில் ஓட்டினால் மட்டுமே இன்லைன் குறுக்கிடும்.

ஐடிஇ எதுவுமில்லாமல் கட்டளை வரியில் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு: பிஎல்டி.ஷோ() சாளரத்தை மூடும்வரை நிரலை நிறுத்திவைக்கும். அது பிடிக்காமல் பிளாக்=ஃபால்ஸ் என்று கொடுத்துவிட்டு, அதுவே நிரலின் கடைசி வரியாகவும் இருந்தால், சாளரம் மின்னி மறைந்துவிடும்; நிரல் முடிந்ததும் அதன் சாளரங்களும் போய்விடும் என்பதே காரணம்.

நோட்புக்கின் உள்ளே

ஜூப்பிட்டரில் வேலை செய்பவர்கள் தனிச் சாளரத்தை விரும்புவதில்லை. விளக்கமும் நிரலும் படமும் ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் நோட்புக்கைத் தேர்ந்தார்கள். பழைய பாடங்களில் %மேட்பிளாட்லிப் நோட்புக் என்ற கட்டளை இருக்கும். அது பழைய நோட்புக்கின் உள்ளமைப்பை நம்பி எழுதப்பட்டது. ஜூப்பிட்டர்லேபிலும், 2023-இல் வந்த நோட்புக் 7-இலும் அது இயங்காது, ஐபைதான் வரையறுக்கப்படவில்லை என்ற ஜாவாஸ்கிரிப்ட் பிழையே மிஞ்சும். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் காலாவதியான வரிகளில் இதுவே அதிகம் பரவியது என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது அதன் இடத்தில் இருப்பது ஐபைஎம்பிஎல். அதை நிறுவி, %மேட்பிளாட்லிப் விட்ஜெட் என்று அடிக்க வேண்டும்.

இது மேட்பிளாட்லிப்பேதான், ஜிஇன்புட் போன்றவை தவிர, எழுதிய நிரலில் ஒரு வரியையும் மாற்ற வேண்டியதில்லை. அதுவே இதன் பெருமை. ஆனால் மவுஸை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அந்தச் செய்தி உலாவியிலிருந்து கெர்னலுக்குப் போய், அங்கே படம் மீண்டும் வரையப்பட்டு, மாறிய பகுதி பிக்சல்களாகத் திரும்பி வர வேண்டும். கெர்னல் அதே கணினியில் இருந்தால் இந்தப் பயணம் தெரியாது. தொலைவில் உள்ள சர்வரில் இருந்தால், செவ்வகம் விரலுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வரும். வேறொரு செல் ஓடிக்கொண்டிருந்தால் வரைபடம் எதற்கும் அசையாது. நோட்புக்கைச் சேமித்து மறுநாள் திறந்தால், கெர்னலை மீண்டும் ஓடவிடும்வரை அது அசையாப் படமே.

நிறுவும்போது இடறும் இடம் ஒன்று உண்டு. ஜூப்பிட்டர்லேப் ஒரு சூழலிலும் கெர்னல் வேறொரு சூழலிலும் இருந்தால், இரண்டிலும் ஐபைஎம்பிஎல் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் இருந்தால் படத்துக்குப் பதிலாக ஒரு வரி எழுத்து மட்டும் தெரியும். விஎஸ் கோடிலும் இது இயங்கும். முதல் முறை விட்ஜெட்டுக்கான ஜாவாஸ்கிரிப்டை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள அனுமதி கேட்கும், அதை மறுத்தாலோ அலுவலகத்தின் ஃபயர்வால் தடுத்தாலோ படம் வராது. கூகுள் கோலேபில் இதற்கென அவுட்புட் தொகுதியிலுள்ள கஸ்டம் விட்ஜெட் மேலாளரை ஒரு வரி எழுதி இயக்க வேண்டும்.

பிளாட்லி

மாண்ட்ரியாலில் உள்ள பிளாட்லி நிறுவனம் தன் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை 2015-இல் திறமூலமாக்கியது. 2019-இல் வந்த பைதான் லைப்ரரியின் 4-ஆம் பதிப்பு முதல், இணையக் கணக்கு எதுவும் இல்லாமல் உள்ளூரிலேயே இயங்குவது அதன் இயல்பாயிற்று. இங்கே பைதானின் வேலை தரவையும் வடிவத்தையும் ஜேசன் என்ற உரை அமைப்பில் எழுதிக் கொடுப்பதோடு முடிகிறது; பெரிதாக்குவது, நகர்த்துவது, சுட்டி நிற்கும் இடத்தின் மதிப்பைக் காட்டுவது எல்லாம் உலாவியின் பொறுப்பு. எனவே கெர்னல் நின்றாலும், பைதானே இல்லாத கணினியில் திறந்தாலும் வரைபடம் அசையும். தனிச் சாளரமும் ஐபைஎம்பிஎல்லும் கொடுக்க முடியாதது இது ஒன்றே, ஆனால் மிகப் பெரியது.

ஜூப்பிட்டர்லேபில் இது தானாகவே தோன்றும். விஎஸ் கோடில் என்பிஃபார்மேட் என்ற சிறு பொதி இல்லாவிட்டால், அதன் 4.2.0 அல்லது பிந்தைய பதிப்பு வேண்டும் என்ற பிழை வரும். அதை நிறுவிக் கெர்னலை மறுதொடக்கம் செய்தால் முடிந்தது. ஸ்பைடரின் பிளாட்ஸ் பலகம் அசையாப் படங்களை மட்டுமே ஏற்கும் என்பதால், அங்கே, படம் எங்கே தோன்ற வேண்டும் என்று சொல்லும் ரெண்டரரை பிரவுசர் என்று மாற்றி வைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு வரைபடமும் உலாவியில் ஒரு புதிய தாவலில் திறக்கும். அந்தத் தாவலைப் புதுப்பித்தால் பக்கம் காணாமல் போவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். ஒரே ஒரு கோரிக்கைக்குப் பதில் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும் குட்டி சர்வர் ஒன்றின் வழியாக பிளாட்லி அந்தப் பக்கத்தை அனுப்புகிறது. இரண்டாம் முறை கேட்க அங்கே யாரும் இல்லை. வைத்துக்கொள்ள வேண்டிய வரைபடத்தை ரைட்_ஹெச்டிஎம்எல் வழியாகக் கோப்பாகச் சேமிப்பதே முறை.

அந்தக் கோப்பு கனமானது. பிளாட்லியின் ஜாவாஸ்கிரிப்ட் முழுவதும் உள்ளே வைக்கப்படுவதால் வெற்று வரைபடமே 3 எம்பிக்கு மேல் போகும். அதை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி சொல்லிச் சுருக்கலாம், ஆனால் அப்போது இணைப்பு இல்லாத இடத்தில் பக்கம் வெறுமையாக நிற்கும். என் ஒரு நாள் தரவில் நேரக் குறிப்பு ஒவ்வொன்றும் குறைந்தது 19 எழுத்து. மேற்கோள் குறிகளும் காற்புள்ளியும் சேர்ந்து 22. அதை 86,400-ஆல் பெருக்கினால் நேரத்துக்கு மட்டுமே 19 இலட்சம் எழுத்துகள், அதாவது ஏறத்தாழ 1.9 எம்பி. நோட்புக்கில் பத்து வரைபடங்கள் இருந்தால் அத்தனையும் நோட்புக் கோப்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்; அதை, மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கிட் என்ற கருவியில் சேர்ப்பவரின் பாடு சொல்லி முடியாது. இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது: அந்தக் கோப்பில் போவது படம் அல்ல, தரவு. வாடிக்கையாளருக்கு ஒரு வளைகோட்டைக் காட்டுவதாக நினைத்து அனுப்பும் கோப்பிலிருந்து, அவர் ஒவ்வோர் எண்ணையும் எடுத்துக்கொள்ள முடியும்.

வேகத்திலும் எல்லை உண்டு. புள்ளிகள் 1,000-ஐத் தாண்டினால் பிளாட்லியின் சுருக்கமான வடிவமான பிளாட்லி எக்ஸ்பிரஸ், வழக்கமான எஸ்விஜி என்ற வரையும் முறையை விட்டு, கணினியின் கிராஃபிக்ஸ் வன்பொருளைப் பயன்படுத்தும் வெப்ஜிஎல்லுக்குத் தானாகவே மாறிக்கொள்கிறது. அதனால் 86,400 புள்ளிகளும் வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. ஆனால் ஒரே பக்கத்தில் எத்தனை வெப்ஜிஎல் பரப்புகள் இருக்கலாம் என்பதற்கு உலாவிகள் வரம்பு வைத்திருக்கின்றன. நீளமான நோட்புக்கில் கீழே புதிய வரைபடம் வந்ததும் மேலே உள்ள பழையது ஒன்று வெளுத்துப்போவது அதனால்தான்.

சொடுக்கிய புள்ளியைப் பைதானுக்குத் திருப்பிக் கொடுக்க பிளாட்லியிலும் வழி இருக்கிறது. ஃபிகர்விட்ஜெட் என்ற வகையை நோட்புக்கில் பயன்படுத்த வேண்டும், அல்லது பிளாட்லியின் வலைச் செயலிக் கருவியான டாஷில் ஒரு சிறு செயலியாகவே எழுத வேண்டும். ஜிஇன்புட் ஒரு வரியில் முடிக்கும் வேலைக்கு அது அதிகம் என்பது என் எண்ணம். போக்கேயின் குணங்களும் பெரும்பாலும் இவையே. ஏற்கெனவே அதில் எழுதிப் பழகியவர் மாற வேண்டியதில்லை, புதிதாகத் தொடங்குபவருக்கு பிளாட்லி எக்ஸ்பிரஸின் ஒரு வரி இலகுவானது.

தேர்வு

நிரல் எங்கே ஓடுகிறது என்பதே என் தேர்வைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. என் மொட்டை மாடி ராஸ்பெர்ரி பைக்குத் திரை கிடையாது. தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் வரைந்தால், சாளரம் திறக்க இடமில்லாததால் மேட்பிளாட்லிப் ஆக் என்ற அசையா பேக்கெண்டுக்கு இறங்கிவிட்டு, இந்தக் கேன்வாஸைக் காட்ட முடியாது என்று எச்சரிக்கும். எக்ஸ்11 திசைதிருப்பல் மூலம் அந்தச் சாளரத்தை மடிக்கணினியில் காட்ட முடியும்தான், ஆனால் ஒவ்வொரு நகர்வும் வலைப்பின்னல் வழியே வருவதால் பொறுமை சோதிக்கப்படும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லில் பைதான் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 11-இல் இந்தக் கவலையிலிருந்து விடுபட்டார்கள். லினக்ஸ் சாளரங்கள் அங்கே நேரடியாகவே திறக்கின்றன. மற்றபடி, நிரல் தொலைவில் ஓடினால் தனிச் சாளரத்தை நான் கருதுவதே இல்லை: பார்க்க மட்டும் என்றால் பிளாட்லி, மேட்பிளாட்லிப்பில் ஏற்கெனவே எழுதிய நீண்ட நிரல் இருந்தால் ஐபைஎம்பிஎல்.

சொந்தக் கணினியில் ஓடினால், அந்த மவுஸ் சொடுக்கு நிரலுக்குத் திரும்பி வர வேண்டுமா என்று கேட்டுக்கொள்வேன். வர வேண்டும் என்றால் க்யூடி. வர வேண்டாம், ஆனால் இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும் என்றால் பிளாட்லி. இரண்டும் இல்லை, நானே பார்த்துவிட்டு மூடிவிடுவேன் என்றால் மீண்டும் க்யூடிதான், ஏனெனில் அது கணினியில் கோப்பு எதையும் விட்டுவைக்காது. மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் நோட்புக் என்றால் மட்டும் தயங்குவேன்: ஐபைஎம்பிஎல் அவர்கள் கணினியில் சரியாக நிறுவப்பட்டிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது, பிளாட்லி அநேகமாக முதல் முயற்சியிலேயே வேலை செய்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும், படம் அசையாதபோது முதலில் மேட்பிளாட்லிப்.கெட்_பேக்கெண்ட்() என்பதை அச்சிட்டுப் பார்க்க வேண்டும். விடையில் இன்லைன் என்ற சொல் இருந்தால் ஐடிஇ குறுக்கிட்டிருக்கிறது. ஆக் என்று மட்டும் இருந்தால் கருவித்தொகுதியோ திரையோ இல்லை. க்யூடிஆக் அல்லது டிகேஆக் என்று வந்தும் அசையவில்லை என்றால் தவறு நிரலில் இருக்கிறது, பெரும்பாலும் ஷோவை அழைக்க மறந்திருப்போம் அல்லது ஏதோ ஒரு வளையம் ஓடிக்கொண்டிருக்கும். எம்பிஎல்பேக்கெண்ட் என்ற சூழல் மாறியை முன்பொருமுறை எங்கோ அமைத்துவிட்டு மறந்தவர்களையும் இந்த ஒரு வரி காட்டிக்கொடுக்கும்; நிரலுக்குள் மேட்பிளாட்லிப்.யூஸ் என்று எழுதினால் அது அந்த மாறியையும், மேட்பிளாட்லிப்ஆர்சி கோப்பையும் மீறும்.

இப்போது நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். ராஸ்பெர்ரி பை நள்ளிரவில், குறித்த நேரத்தில் நிரலைத் தானாக ஓட்டும் கிரான் மூலம் அன்றைய நாளின் பிளாட்லி கோப்பை எழுதி வைக்கிறது; காலையில் கைபேசியிலேயே அதைத் திறந்து பார்க்கிறேன். தவறான அளவீடுகளைக் குறித்து நீக்க வேண்டியபோது மடிக்கணினியில் ஸ்பைடரும் க்யூடி சாளரமும். சென்ற வாரம் 85 டிகிரி மூன்று முறை வந்திருந்தது. பிளாட்லி வரைபடத்தில் ஒவ்வொன்றின் மேலும் விரலை வைத்தபோது தெரிந்த நேரங்கள் காலை 6:12, மறுநாள் 6:09, அதற்கடுத்த நாள் 6:14. அது எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போடும் நேரம்.